பீனோவுக்குப் போனவன்

யேசு மரி சூசை

கொலோன்
09.02.2025

அன்புள்ள அன்ரன் அண்ணாவுக்கு,

இந்தக் கடிதம் யாருடைய கையில் போய்ச் சேரும் என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். நீ என் அண்ணன் என்றால், சுகமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. இருபத்தெட்டு வருடமாக ஒரு வரி எழுதாததற்கு உன் காதைத் திருகவும் உரிமை இருக்கிறது. வேறு யாரோ என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பு தேறவேண்டும் என்று ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டே பேனாவை எடுத்தேன்.

நான் தேவமலர், குருநகர் சவிரிமுத்துவின் மகள். கொலோனுக்கு வந்து இருபத்துநாலு வருடம். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எனக்கு ஒரு மகள், பெயர் கஜந்தி. போன ஞாயிறு தமிழ்ப் பூசையில் நோயாளிகளுக்காக மன்றாடும் தாளைத் தந்தார்கள். அதில் ஏழாவது பெயர், சவிரிமுத்து அன்ரன், ஹம்பேர்க், தொண்டைச் சத்திரசிகிச்சை. அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பாதரிடம் முகவரி கேட்டேன். "அக்கா, அது ஏலாது. கடிதமா எழுதித் தாங்கோ, நான் சேர்ப்பிக்கிறன்" என்றார். பிறந்த நாள் அந்தோனியார் திருநாளா என்று மட்டும் கேட்டேன். தலையாட்டினார்.

என் அண்ணன் லண்டனில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை செய்தான். 1997 செப்ரெம்பரோடு அவனிடமிருந்து கடிதம் நின்றுவிட்டது. இங்கிலாந்து முழுவதும் தேடுவித்தோம். ரயிலேறினால் நாலு மணித்தியாலத்தில் வருகிற ஹம்பேர்க்கில் தேட யாருக்குத் தோன்றும்?

அவனுடைய கடைசிக் கடிதத்தில், "சனிக்கிழமை பீனோவுக்குப் போகிறேன்" என்று எழுதி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அரைப் பக்கம் விளக்கியிருந்தான். அந்தப் பக்கத்தை நான் ஒருவருக்கும் காட்டியதில்லை. நீ அவன் என்றால், பீனோ என்றால் என்னவென்று எனக்கு எழுது.

உன் தங்கை என்று நம்பும்,
தேவமலர்


ஹம்பேர்க்
02.03.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று கிழமை மேசையில் கிடந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள், அதனால் கதைக்க முடியாது. தொலைபேசி எடுக்க வேண்டாம். மற்றபடி சாப்பாடு இறங்குகிறது.

கேட்டதற்குப் பதில். பீனோ ஒரு ஊர் இல்லை, ஆளும் இல்லை. கொண்டாட்டத்துக்கு ஆங்கிலேயர் தங்களுக்குள் வைத்திருக்கும் செல்லப் பெயர். அகராதியைத் திறந்தால் கூத்தும் கும்மாளமும் என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். எங்கள் வரிசைக்கு மேற்பார்வை பார்த்த மோரீன் என்ற வெள்ளைக்கார மனுசி சொன்ன கதை அதைவிட நல்லது. முற்காலத்தில் முதலாளி வருடத்தில் ஒருநாள் தொழிலாளரைக் கூப்பிட்டு விருந்து வைப்பானாம். அவரைக்கொட்டையும் பன்றியிறைச்சியும். ஆகவே அதற்கு 'பீன்' விருந்து என்று பெயர். அச்சுக்கூடத்துக்காரர் அதைச் சுருக்கிப் பீனோ ஆக்கினார்களாம். இன்னொரு கட்சி, அது கொட்டையே இல்லை, பீன் என்று பெயருள்ள காட்டுவாத்தின் இறைச்சி என்று சண்டை பிடிக்கும். மோரீனுக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. அவள் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதினால் இப்படி வரும்: "வாத்தோ கொட்டையோ, வருசம் முழுக்க எங்களைத் தின்னுறவன் ஒரு நாள் எங்களுக்குத் தின்னத் தாறான்."

எங்கள் காலத்தில் அது பஸ் பயணமாகிவிட்டது. செப்ரெம்பரில் ஒரு சனிக்கிழமை, தலையில் கடதாசித் தொப்பி, காலடியில் பியர்ப் பெட்டி, பாட்டும் கூத்துமாக மார்கேற் கடற்கரைக்கு. ஒரு பெயருக்கு ஒரு இருக்கை. பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுத்தான் ஏற்றுவார்கள்.

இதற்குமேல் எழுதக் கை வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.


யேசு மரி சூசை

கொலோன்
08.03.2025

என் அண்ணாவுக்கு,

வாத்து! அந்த வாத்தை என் அண்ணனைத் தவிர வேறு எவன் எழுதுவான்? கடிதத்தைப் பிடித்துக்கொண்டு குசினித் தரையிலேயே இருந்துவிட்டேன். கஜந்தி ஓடிவந்து, "அம்மா, ஆர் செத்தது?" என்றாள். ஒருத்தரும் சாகவில்லையடி என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

பெரிய மனுசரே, இருபத்தெட்டு வருடம் தாள் கிடைக்கவில்லையோ? ஏசுவதற்கு நிறைய இருக்கிறது. நேரில் ஏசுகிறேன். உயிர்த்த ஞாயிறுக்கு நாங்கள் இருவரும் அங்கே வருகிறோம். நீ கதைக்க வேண்டாம், நான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைப்பேன்.

உன் எழுத்து மாறிவிட்டது. உன்னுடைய எழுத்து வலது பக்கம் சாயும், இது நேராக நிற்கிறது. தலைப்பில் யேசு மரி சூசையும் போடவில்லை. இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நோய் வருத்தம் வந்தால் கை மாறும்தானே. என் இல்லத்தில் எத்தனை கிழவர்களைப் பார்க்கிறேன்.

அப்பு போனது உனக்குத் தெரியுமா? அந்தச் செய்தியை எழுதியவள் நான்தான். அது வந்து சேர்ந்ததா என்று இன்றுவரை தெரியாது.

உன் மலர்


யேசு மரி சூசை

கொலோன்
30.03.2025

அண்ணா,

ஏன் பதில் இல்லை? ரயில் சீட்டு எடுத்தாகிவிட்டது. உனக்கு வெட்கமோ, பயமோ, பெண்சாதி பிள்ளைகள் இருந்து சொல்லப் பிடிக்கவில்லையோ, எதுவானாலும் எனக்குப் பரவாயில்லை. நீ இருந்தால் போதும். ஒரு வரி எழுது.

மலர்


சிவமயம்

ஹம்பேர்க்
12.04.2025

தங்கச்சி தேவமலருக்கு,

நான் அன்ரன் இல்லை. முதல் வரியில் எழுதாவிட்டால் இந்த முறையும் நழுவிவிடுவேன். நான் கந்தையா முருகேசு. லண்டனில் அவனோடு ஒரே அறையில் இருந்தவன். உங்கள் அப்புவின் செய்தியை அவனிடம் சொல்லச் சொல்லி நீங்கள் கடிதம் எழுதிய அதே முருகேசு. முதல் கடிதத்திலேயே சொல்லத்தான் உட்கார்ந்தேன். பீனோவைப் பற்றி எழுதியபோது பஸ்ஸடிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நீங்கள் சந்தோசப்பட்டு எழுதியதை வாசித்தபின் இன்னும் பயந்துவிட்டேன். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லண்டனில் எனக்கு வேலை செய்ய அனுமதி இருந்தது, அவனுக்கு இல்லை. தொழிற்சாலை அட்டை ஒன்று, பெயர் ஒன்று. கிழமையில் மூன்று நாள் நான் முருகேசு, மூன்று நாள் அவன் முருகேசு. எங்கள் முகங்களுக்கு அங்கே யாரும் வித்தியாசம் பார்க்கவில்லை. மோரீன் மட்டும் கண்டுபிடித்துவிட்டு, "இண்டைக்கு எந்த முருகேசு?" என்று காதுக்குள் கேட்டுச் சிரிப்பாள்.

பீனோவுக்கும் முருகேசுவுக்கு ஒரு இருக்கைதான். சீட்டுப் போட்டோம், எனக்கு விழுந்தது. அந்த வியாழக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. "மெல்ல மெல்லச் சொல்லுங்கோ, அண்ணா தாங்க மாட்டார்" என்று எழுதியிருந்தீர்கள். கலியாண வீடு முடியும்வரை செத்த செய்தியை ஒளித்துவைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம்தானே. நானும் அதைத்தான் செய்தேன். சனிக்கிழமை ஒரு நாளாவது சிரித்துவிட்டு வரட்டும், ஞாயிறு சொல்லுவோம் என்று நினைத்தேன். "நீ போடா, எனக்குப் பல்லுக் குத்துது" என்று என் இடத்தை அவனுக்குக் கொடுத்தேன். அன்றிரவே அவன் அதை உங்களுக்கு எழுதினான்.

சனி காலை நல்ல குளிர். எங்கள் இருவருக்கும் சேர்த்து இருந்தது ஒரு நல்ல கோட். அதை நானே அவனுக்குப் போட்டு, பொத்தானும் பூட்டிவிட்டேன். உங்கள் கடிதம் அதன் உள் பையில் இருந்தது. மறந்துபோனேன். இருபத்தெட்டு வருடமாக வேறு சொல் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

ஞாயிறு காலை மோரீன் கோட்டைக் கொண்டுவந்தாள். எல்லோரும் தொப்பி போட்டுப் பாடிக்கொண்டிருக்க, அவன் தனியே இருந்து எதையோ வாசித்தானாம். பிறகு அவளிடம் வந்து ஒரு துவாய் கேட்டு வாங்கினானாம். உடுப்பை மடித்து, கடிதத்தின் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுக் கடலுக்குள் இறங்கினான். பிறகு அவனைப் பிணமாகத்தான் தூக்கி வந்தார்கள். பொலிஸ் பையிலிருந்த அட்டையைப் பார்த்து, செத்தது முருகேசு என்று எழுதியது. தமிழ்க் கடிதத்தை மோரீன் தன் கைப்பையில் ஒளித்துக் கொண்டுவந்து என்னிடம் தந்தாள்.

கடலில் பிறந்து வளர்ந்தவன் கரையோரத்தில் தாழ்வானா? அவன் உயிரை வேண்டாமென்று விட்டான். அதற்குக் காரணம் நான்.

செத்துப்போன முருகேசுவால் லண்டனில் இருக்க முடியவில்லை. அறையில் அன்ரனின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அதைக் கொண்டு ஜெர்மனிக்கு வந்து அன்ரனானேன். பாஸ்போட்டிலும் அவன்தான். ஆஸ்பத்திரியில் மதம் கத்தோலிக்கம் என்று இருந்ததால் பாதர் வந்து என் நெற்றியில் எண்ணெய் பூசினார். அவனுக்குக் கிடைக்கவேண்டிய எண்ணெய்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

முருகேசு


கொலோன்
13.06.2025

முருகேசு அவர்களுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு மனமில்லை. இன்று என் அண்ணனின் பிறந்த நாள்.

இரண்டு மாதம் நான் வேலைக்குப் போனேன், சமைத்தேன், கிழவர்களைக் குளிப்பாட்டினேன். ஒரு மாதம் அவனை உயிரோடு வைத்திருந்து மறுபடி சாகடித்தீர்கள். அதைவிட நீங்கள் பதில் போடாமலே இருந்திருக்கலாம்.

நீங்கள் ஒரு காரணம் எழுதினீர்கள். எனக்கு வேறொன்று தெரிகிறது. அந்தக் கடிதத்தை எழுதிய கை என்னுடையது. அதில் நான் என்ன எழுதினேன் என்று முழுவதும் நினைவில் இல்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை அழுதுகொண்டு எழுதியது.

எனக்கு இரண்டு வேண்டும். அந்தக் கடிதம் இருந்தால் அனுப்புங்கள். அவனை எங்கே புதைத்தார்கள் என்று எழுதுங்கள். வேறொன்றும் எழுத வேண்டாம்.

தேவமலர்


சிவமயம்

ஹம்பேர்க்
29.06.2025

தங்கச்சிக்கு,

கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மார்கேற் நகரசபைச் சவக்காலை, மேற்கு மதிலோரம். மோரீனும் தொழிற்சாலைக்காரரும் சேர்ந்து சின்னக் கல் ஒன்று நட்டார்கள் என்று அவள் எழுதினாள். அவளும் பிறகு இறந்துவிட்டாள். நான் ஒரு நாளும் போனதில்லை. அந்தக் கல்லில் இருப்பது என் பெயர்.

வேறொன்றும் எழுத வேண்டாம் என்றீர்கள். ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜூன் பதின்மூன்றும் வேலையிடத்தில் கேக் வைத்து, "அன்ரன், அன்ரன்" என்று கைதட்டிப் பாடுவார்கள். நானும் சிரித்துக்கொண்டு ஊதி அணைப்பேன். ஐம்பதாவது வயதுக்குக் கடதாசித் தொப்பி வாங்கிவந்து என் தலையில் வைத்தார்கள். அன்று அந்தக் கூட்டத்துக்குள் யாரோ ஒருவன் கைதட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தலைமயிரிலிருந்து தண்ணீர் வடிந்தது. நான் கழிப்பறைக்கு ஓடிவிட்டேன். அவனுக்கு இருபத்துநாலு வயதுதான். எனக்குத்தான் அவனுடைய வயது ஏறிக்கொண்டு போகிறது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு அடிக்கடி வருகிறான். ஒன்றும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல என்னிடம் குரல் இல்லை.

முருகேசு


யேசு மரி சூசை

கொலோன்
22.09.2025

முருகேசு அண்ணைக்கு,

உங்கள் உடம்பு இப்போது எப்படி? இந்த முறை மனதாரக் கேட்கிறேன்.

சனிக்கிழமை, இருபதாம் திகதி, நானும் கஜந்தியும் மார்கேற்றில் நின்றோம். முதலில் கடற்கரைக்குப் போனோம். அங்கே ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திறங்கி, குடித்துக்கொண்டும் பாடிக்கொண்டும் திரிந்தார்கள். பீனோதான் போல. எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. ஒரு பெடியன் குளிரில் நடுங்கிக்கொண்டு கடலிலிருந்து ஓடிவந்து, சிநேகிதனிடம் துவாயைப் பறித்தான். அதைப் பார்த்ததும் நீங்கள் எழுதிய துவாய் எனக்கு நினைவு வந்தது.

அண்ணை, சாகப் போகிறவன் துவாய் கேட்பானா?

செத்த செய்தி காதில் விழுந்தால் எங்கள் வீட்டில் முதல் வேலை என்ன? தலைக்கு முழுகுவது. வேதக்காரர் ஆனாலும் நாங்கள் அதை விட்டதில்லை. உங்கள் வீட்டிலும் அதுதானே. தகப்பன் செத்து ஆறு கிழமைக்குப் பிறகு, பியர் குடித்துப் பாடிய நாளில், தனியாக இருந்து அந்தச் செய்தியை வாசித்திருக்கிறான். முழுக அவனுக்கு அங்கே என்ன இருந்தது? முன்னால் கடல் இருந்தது. எங்கள் கடல் என்று நினைத்து இறங்கியிருப்பான். வயிற்றில் பியர், அந்தத் தண்ணீரின் குளிர். நான் கணுக்கால்வரை இறங்கிப் பார்த்தேன், எலும்புக்குள் ஏறியது. அவன் திரும்பி வந்து தலை துவட்டத்தான் துவாய் வாங்கினான். இதை நான் உங்களுக்கு ஆறுதலுக்காக எழுதவில்லை. எனக்கும் அந்த ஆறுதல் வேண்டியிருந்தது, உண்மைதான். ஆனால் என் அண்ணனை எனக்குத் தெரியும்.

பிறகு சவக்காலைக்குப் போனோம். கல்லில் ஆங்கிலத்தில் உங்கள் பெயர், கீழே 1997. உங்கள் பெயருக்கு முன்னால் முழங்காலில் நின்று என் அண்ணனுக்காக மன்றாடினேன். வாயில் எந்தப் பெயரைச் சொல்வதென்று தெரியாமல் தடுமாறினேன். அங்கே அலுவலகத்தில் பெயரை மாற்ற முடியுமா என்று கஜந்தி கேட்டாள். அந்த மனிதர் மரியாதையானவர். மரணப் பதிவை மாற்றினால்தான் கல்லை மாற்றலாம், அதற்கு முருகேசு உயிரோடு இருக்கிறார் என்று முருகேசுவே நிரூபிக்க வேண்டும் என்றார்.

நான் உங்களிடம் கேட்கவில்லை. அவர் சொன்னதை எழுதினேன்.

தேவமலர்


யேசு மரி சூசை

கொலோன்
12.10.2025

அண்ணைக்கு,

பதில் வரவில்லை. பாதரிடம் விசாரித்தேன். நோய் திரும்பிவிட்டதாம், மறுபடி ஆஸ்பத்திரியாம். போன கடிதத்தின் கடைசிப் பந்தியை நான் எழுதியிருக்கக் கூடாது.

கஜந்தி ஒரு சட்டத்தரணியிடம் பெயர் சொல்லாமல் கேட்டாள். உங்கள் பாஸ்போட் போகலாம், காப்புறுதி சிக்கலாகலாம், வழக்கும் வரலாமாம். வைத்தியம் நடக்கிற நேரத்தில் இதெல்லாம் வேண்டாம். கல் கல்லாகவே இருக்கட்டும். அவன் எங்கே இருக்கிறான் என்று கடவுளுக்குத் தெரியும், இப்போது எனக்கும் தெரியும். நீங்கள் பிழைத்தால் போதும். இதை நான் உண்மையாகவே சொல்கிறேன், ஒரு சூப்பும் வைத்துக்கொண்டு நேரில் வந்து சொல்லவும் தயார்.

உங்கள் தங்கச்சி,
தேவமலர்


சிவமயம்

ஹம்பேர்க்
30.10.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். சூப்புக் குடிக்கலாம். வைத்தியர் மாதங்களில்தான் கதைக்கிறார், வருடங்களில் இல்லை. இதை வைத்து அழாதீர்கள்.

துவாய் பற்றி நீங்கள் எழுதியதை மூன்று நாள் திரும்பத் திரும்ப வாசித்தேன். மோரீன் அதைச் சொன்ன நாளிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். என் அம்மா செத்த செய்தி வந்தபோது நானும் குழாயடியில்தான் நின்றேன். ஆனால் என்னை நானே கொலைகாரன் என்று தீர்த்துவிட்டேன், பிறகு யார் சாட்சி கேட்பது? நீங்கள் சொன்னதை முழுவதும் நம்புகிறேனா என்று தெரியவில்லை. சில நாள் நம்புகிறேன். அந்த நாட்களில் நித்திரை வருகிறது.

வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். நான் இப்படியே போனால் ஹம்பேர்க்கில் அன்ரன் என்று ஒரு கல் நடுவார்கள். மார்கேற்றில் முருகேசு என்று ஒரு கல் இருக்கும். நீங்கள் எந்தக் கல்லுக்கு முன்னால் போய் முழங்காலில் நிற்பீர்கள்? அவனுடைய நாட்களை இருபத்தெட்டு வருடம் நான் எடுத்துச் செலவழித்தேன். அவனுடைய சாவையும் எடுக்க எனக்கு மனமில்லை.

உங்களிடம் சொல்லாமலே இங்கே ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன். நீங்கள் பயந்ததெல்லாம் நடக்கலாம் என்று அவரும் சொன்னார். நடக்கட்டும். லண்டனில் என் கைரேகை இருக்கிறது, அதுவே போதுமாம். எல்லாவற்றையும் ஜெர்மனில் எழுதி வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் ரெர்மின், வரச்சொல்லி நேரம் தந்திருக்கிறார்கள். நீங்கள் வந்தால் பக்கத்தில் ஒரு கதிரை பிடித்து வைப்பேன். வராவிட்டாலும் குறையில்லை. பெயரைக் கூப்பிடுவார்கள். சவிரிமுத்து அன்ரன், சவிரிமுத்து அன்ரன் என்று இரண்டு மூன்று தரம் கூப்பிடுவார்கள். நான் எழும்பப் போவதில்லை.

இப்படிக்கு,
கந்தையா முருகேசு